தேதி குறித்தாயிற்று, ரத்தம் ஏறியதா?

மகளிர் நலம்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கர்ப்பப்பை ஆபரேஷனைப் பற்றியவை. கருவடிக்குப்பம், லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை என்று ஊரின் வடக்குப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பெயர்களைப் போடவில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

*

கேள்வி: எனக்கு 44 வயது. கர்ப்பப்பையில் கட்டி. மாதம் பத்து நாள் போகிறது. எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் மருத்துவமனையில் அடுத்த மாதம் ஆபரேஷன் என்று தேதி கொடுத்துவிட்டார்கள். அட்மிஷனுக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று ஒரு லிஸ்ட் கொடுங்கள் டாக்டரம்மா. ரத்தம் 8.2 இருக்கிறதாம். சத்து மாத்திரை கொடுத்தார்கள், வயிற்றைப் புரட்டியது, நிறுத்திவிட்டேன்.
— வாசகி, கருவடிக்குப்பம்

பதில்: ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகிற பையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, மாத்திரையை நிறுத்தியதைக் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். பையை முதல்நாள் ராத்திரி கட்டிக்கொள்ளலாம். ரத்தத்தை அப்படி ஒரே ராத்திரியில் ஏற்ற முடியாது.

பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் 10க்கு மேலாவது இருக்கட்டும் என்றுதான் மயக்க மருந்து டாக்டர்கள் எதிர்பார்ப்பார்கள். நீங்கள் 8.2-ஓடு போய் நின்றால் தேதியைத் தள்ளிப்போடுவார்கள், இல்லையென்றால் ரத்தம் ஏற்றுவார்கள். இரண்டுமே இப்போது கையில் இருக்கும் நான்கு வாரத்தைப் பயன்படுத்தினால் தவிர்க்கக்கூடியவை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அத்தனை பேருக்கு இருப்பதாலேயே அதை ஒரு நோயாக யாரும் நினைப்பதில்லை. வீட்டில் எல்லோருக்கும் சோர்வு, நமக்கும் சோர்வு என்று விட்டுவிடுகிறோம்.

இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டினால் ராத்திரி படுக்கப்போகும்போது போடுங்கள். அப்படியும் முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் ட்ரிப்ஸில் ஏற்றுகிற இரும்புச்சத்து ஊசி இருக்கிறது, உங்கள் நிலைக்கு அதுவே நல்லதாகவும் இருக்கலாம். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் இதோடு சேரக்கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா சேர்த்தால் நன்றாக ஏறும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அதோடு, மாதம் பத்து நாள் போகிற போக்கை இப்போதே மாத்திரையால் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். போவது போய்க்கொண்டே இருந்தால் இரும்புச்சத்து கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

இனி பை. முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி மூன்று நான்கு. தையலுக்கு மேலே ஏறி நிற்கிற அளவுக்குப் பெரிய, பழைய, பருத்தி உள்ளாடை. நாப்கின். வழுக்காத செருப்பு. ஃப்ளாஸ்க், டம்ளர், வாளி, மக், இரண்டு போர்வை. நீளமான ஒயர் உள்ள சார்ஜர். ஆதார், ரேஷன் கார்டு, ஓ.பி. சீட்டு, பழைய ஸ்கேன், பழைய ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் ஒரே கவரில். சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளும் அட்டையோடு. “வெள்ளையா ஒரு சின்ன மாத்திரை” என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. ரத்தம் கொடுக்க வீட்டில் இரண்டு பேரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். நகை ஒன்றும் வேண்டாம். கீழே முடியை வீட்டில் பிளேடால் மழிக்காதீர்கள். பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும், அதில்தான் கிருமி குடியேறும். தேவைப்பட்டால் அங்கேயே கத்தரித்துவிடுவார்கள்.

*

கேள்வி: காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். ஐந்து மணிக்கு ஒரு வாய் காபி குடித்துக்கொள்ளலாமா? இல்லையென்றால் தலைவலி வந்துவிடும்.
— வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: கூடாது. பால் கலந்த எதுவும் சாப்பாட்டுக் கணக்குத்தான், ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம், உங்கள் மயக்க மருந்து டாக்டர் வேறு மாதிரிச் சொல்லாத வரை. காபிக்குத் தலைவலி வருகிறவர்கள் ஒரு வாரம் முன்பிருந்தே டம்ளரைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். குடித்துவிட்டு மறைக்காதீர்கள். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

*

கேள்வி: சர்க்கரை, பி.பி., தைராய்டு மூன்றுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆபரேஷன் அன்று எதைப் போடுவது, எதை விடுவது?
— வாசகி, ரெயின்போ நகர்

பதில்: தைராய்டு மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை அன்று காலை வேண்டாம், வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கிவிடும். அதில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று பெயர் இருந்தால் மூன்று நாளுக்கு முன்பே நிறுத்த வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை, அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பி.பி. மாத்திரையில் போட வேண்டியதும் உண்டு, விட வேண்டியதும் உண்டு, மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தத்தை இளக்குகிற மாத்திரை, இன்சுலின், நாட்டு மருந்து, சூரணம், லேகியம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சித்த மருந்து சாப்பிடுகிறோம் என்றால் டாக்டர் திட்டுவார் என்று மறைப்பவர்கள் அதிகம். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

*

கேள்வி: தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள். மாமியார் கூடவே கூடாது என்கிறார். மெட்டியும் பதினெட்டு வருஷமாகக் கழற்றியதில்லை.
— வாசகி, கருவடிக்குப்பம்

பதில்: ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்க மின்சாரக் கருவி பயன்படுத்துகிறோம். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் சூடுபட்டுத் தோல் வெந்துபோகலாம். தங்கமானாலும் அப்படித்தான். ஆபரேஷனுக்குப் பிறகு விரல் வீங்கினால் மெட்டி விரலை இறுக்கிவிடும். காரணம் இவ்வளவுதான்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். முதல்நாள் சாமி படத்துக்கு முன்னால் அவர் கையாலேயே ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கட்டச் சொல்லுங்கள். தாலி சாமி அலமாரியில் இருக்கட்டும். எங்கள் தியேட்டர் சிஸ்டர்கள் மஞ்சள் கயிற்றோடு வருகிறவர்களை நிறையப் பார்த்தவர்கள், கழுத்தில் ஓரமாகப் பஞ்சு வைத்து ஒட்டிவிடுவார்கள். மெட்டியை ஒரு வாரம் முன்பே சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்துக் கழற்றிப் பாருங்கள், வரவில்லை என்றால் ஆசாரியிடம் போய் வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தால் விரல்தான் வீங்கும். நகப்பூச்சும் வேண்டாம். விரலில் மாட்டுகிற கருவி நகத்தின் வழியாகத்தான் ஆக்சிஜனைப் பார்க்கிறது.

*

கேள்வி: அம்மாவுக்கு 51 வயது. ஒன்பது நாளைக்கு முன் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். பெரியம்மா வந்து கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறார். மூன்று வேளையும் பிரெட், ரஸ்க், மிளகு ரசம் சாதம், சுட்ட அப்பளம். முட்டை, மீன், பருப்பு, தக்காளி எதுவும் கூடாதாம், தையலில் சீழ் பிடிக்குமாம். தண்ணீர் குடித்தால் புண் ஆறாதாம், நாளைக்கு இரண்டு டம்ளர்தான். குளிக்க விடவில்லை. காதில் பஞ்சு. ஃபேன் போடக்கூடாது. அம்மா எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறார். பெரியம்மாவை எதிர்த்துப் பேச முடியவில்லை.
— மகள், லாஸ்பேட்டை

பதில்: முதலில் தலைசுற்றலைப் பாருங்கள். நாளைக் காலையிலேயே அழைத்துப்போய் பி.பி., ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றும் பார்த்துவிடுங்கள். இந்தச் சாப்பாட்டையும் தண்ணீரையும் வைத்துப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமில்லை, ஆனாலும் உள்ளே ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி இந்தப் பத்தியத்துக்கு வருகிறேன். வார்டில் ரவுண்ட்ஸ் போகும்போது படுக்கைக்குப் பக்கத்து அலமாரியைத் திறந்து பார்ப்பேன். அதே பிரெட் பாக்கெட், அதே ரஸ்க், ஒரு கிண்ணத்தில் ஆறிப்போன ரச சாதம். ஆஸ்பத்திரியில் கொடுத்த முட்டையை உடனிருக்கிறவர் சாப்பிட்டிருப்பார், ஆபரேஷன் ஆனவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். படித்த வீடு, படிக்காத வீடு என்று இதில் வித்தியாசமே இல்லை.

சீழ் என்பது கிருமியும், அந்தக் கிருமியோடு போராடிச் செத்த நம் ரத்த வெள்ளை அணுக்களும். கிருமி அழுக்குக் கையிலிருந்து வரும், ஈரம் தங்கிய தோல் மடிப்பிலிருந்து வரும், சர்க்கரை கட்டுப்படாத உடம்பில் பெருகும். சாம்பாரிலிருந்து வராது. முட்டையிலிருந்து வராது. வயிற்றுக்குள் போன பருப்பு செரித்து அமினோ அமிலமாகத்தான் ரத்தத்தில் சேருகிறது. தையல் போட்ட இடம் கேட்பதே அதைத்தான்.

அறுத்த இடம் கூட வேண்டுமானால் புதுச் சதை வளர வேண்டும். சதை புரதத்தால் ஆனது. சாப்பாட்டில் வராவிட்டால் உடம்பு தன் தொடைச் சதையைக் கரைத்துத் தையலுக்குக் கொடுக்கும். அதனால்தான் பத்தியம் இருந்தவள் பத்து நாளில் கால் துவண்டுபோய், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். தையல் விட்டுப்போவதும், சிறு கிருமிகூடப் பெரிய புண்ணாவதும் இப்படிப்பட்ட உடம்பில்தான் அதிகம். சீழுக்குப் பயந்து இருக்கிற பத்தியமே சீழுக்கு வழி செய்து கொடுக்கிறது.

கணக்கும் பாருங்கள். அறுபது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு நாளைக்கு 60 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். பெரியம்மா கொடுக்கிற பிரெட்டிலும் ரச சாதத்திலும் இருபது, இருபத்தைந்து தேறினால் அதிகம். ஒரு முட்டையில் ஆறு கிராம். உள்ளங்கை அளவு மீன், நூறு கிராம் இருக்கும், அதில் இருபது. ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் ஏழு, எட்டு. சைவமென்றால் தயிர், பனீர், பயறு, சுண்டல், வேர்க்கடலை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் குடல் மந்தமாக இருக்கும், அப்போது இட்லி, கஞ்சி, இடியாப்பம் என்று இலகுவாகப் போகலாம். ஒன்பதாம் நாள் ரஸ்க்குக்கு எந்த நியாயமும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். வைத்திக்குப்பம், சோலை நகர் பக்கமெல்லாம் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாவைத் தேடி வாங்கிப் புட்டு செய்து கொடுக்கிறோமே. சிசேரியன் ஆனவளுக்கும்தானே கொடுக்கிறோம்? அவள் வயிற்றில் இருப்பதும் இதே தையல்தானே? பிள்ளைக்குப் பால் வேண்டும் என்றால் அவளுக்குச் சுறா. கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, பால் கொடுக்கப் பிள்ளை இல்லாமல் படுத்திருக்கிறவளுக்கு ரஸ்க். இதை நினைத்தால் எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் வருகிறது. தனக்காக ஒரு பெண் சாப்பிட்டுத் தேறலாம் என்பதே நம் வீடுகளில் யாருக்கும் தோன்றவில்லை.

தண்ணீருக்கும் புண்ணுக்கும் பகை கிடையாது. எட்டு, பத்து டம்ளர் குடிக்கட்டும். இரண்டு டம்ளரோடு நிறுத்தினால் மலம் இறுகும், முக்குவார், தையல் இழுக்கும். யூரின் டியூப் போட்டு எடுத்த பிறகு தண்ணீர் குறைந்தால் நீர்க்கடுப்பும் வரும். குளிக்கலாம், 48 மணி நேரத்துக்குப் பிறகு தையல்மேல் தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது. குளித்தபின் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். மஞ்சள், எண்ணெய், பவுடர் எதையும் தையலில் போடாதீர்கள். புழுக்கத்தில் வயிற்று மடிப்பு வியர்த்து ஊறுவதுதான் கெடுதல், ஃபேனைப் போடுங்கள். காதுப் பஞ்சை எடுத்து எறியுங்கள்.

உங்கள் பெரியம்மா தன் வீட்டை விட்டுவிட்டு வந்து ராத்திரி கண் விழிக்கிறார், அந்த அன்பு சாதாரணமில்லை. அவரோடு வாக்குவாதம் செய்யாதீர்கள். நாளை டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துப்போங்கள், இதையெல்லாம் டாக்டரே அவரிடம் நேராகச் சொல்லட்டும். திரும்பி வரும்போது மார்க்கெட்டில் நல்ல சங்கராவாகப் பார்த்து வாங்கி, காரம் குறைத்துக் குழம்பு வைக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்.

*

கேள்வி: ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் பெல்ட் கட்டினால்தான் தையல் நிற்குமா?
— வாசகி, சாமிப்பிள்ளைத்தோட்டம்

பதில்: தையலை நிறுத்துவது நூல். பெல்ட், இருமும்போதும் எழும்போதும் வலியைக் கொஞ்சம் குறைக்கும். பிடித்தால் கட்டுங்கள், படுக்கும்போதும் சாப்பிடும்போதும் தளர்த்துங்கள். தொப்பை குறையும் என்று இறுக்காதீர்கள்.

*

கேள்வி: மனைவிக்கு ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள் டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? அவளும் எழுந்து வேலை பார்க்கிறாள். ஆனால் அடிக்கடி அழுகிறாள், எரிந்து விழுகிறாள். ஒரு வாரம்தான் லீவு போட்டிருந்தேன், வேலைக்குத் திரும்பிவிட்டேன்.
— வாசகர், கோட்டக்குப்பம்

பதில்: சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இனி ஆஸ்பத்திரிப் படுக்கை தேவையில்லை என்று அர்த்தம். மேலே தோல் பத்து நாளில் கூடிவிடும். உள்ளே இருக்கிற கெட்டியான ஜவ்வும், கர்ப்பப்பையை எடுத்த இடத்துத் தையலும் உறுதிப்பட ஆறு வாரம் வேண்டும். அதுவரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. உங்கள் வீட்டுத் தண்ணீர் கேன் இருபது லிட்டர், அதாவது இருபது கிலோ. கேஸ் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது முப்பது கிலோ சுமார். ஒரு குடம் தண்ணீர், ஈரத்துணி வாளி, மாவு நிறைந்த கிரைண்டர், மூன்று வயதுப் பிள்ளை எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும்.

அவர் எழுந்து வேலை செய்கிறார் என்றால் செய்ய வேறு ஆளில்லை என்பதால்தான். நடக்கட்டும், அது நல்லது. முதல் நாளே எழுப்பி நடக்கவைப்பது காலில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான். நடப்பது வேறு, வீட்டைத் தூக்கிச் சுமப்பது வேறு. கேன், சிலிண்டர், துணி, மார்க்கெட் நான்கும் ஆறு வாரத்துக்கு உங்களுடையவை. கோலம் உட்கார்ந்து போட வேண்டாம். ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஈ.சி.ஆர். வேகத்தடைகளில் போகாதீர்கள், ஒரு மாதம் ஆட்டோவில் போங்கள்.

அழுகையைப் பற்றி ஒன்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் சினைப்பைகளையும் எடுத்ததாக எழுதியிருக்கிறதா? எடுத்திருந்தால் மாதவிடாய் நிற்கிற வயதில் மெல்ல மெல்ல வருகிற மாற்றம் அவருக்கு ஒரே நாளில் வந்திருக்கிறது. உடம்பு திடீரென்று அனலாகக் கொதிக்கும், ராத்திரி வியர்க்கும், தூக்கம் போகும், மனம் கலங்கும். அதற்கு மருந்து உண்டு, டாக்டரிடம் பேசுங்கள். எடுக்கவில்லை என்றாலும் வலியும் தூக்கமின்மையும் அழவைக்கும். இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் அதையும் நோயாகவே எடுத்துக்கொண்டு காட்டுங்கள். நீங்கள் இதைக் கவனித்து எழுதினீர்களே, அது நல்லது. இன்னொரு வாரம் லீவு கேட்டுப் பாருங்கள்.

*

கேள்வி: கேட்கவே கூச்சமாக இருக்கிறது. எப்போதிலிருந்து கணவரோடு சேர்ந்திருக்கலாம்?
— வாசகி, பெயரும் ஊரும் வேண்டாம்

பதில்: கூச்சப்பட ஒன்றுமில்லை, இதைக் கேட்காமல் போனவர்கள்தான் அவசரமாகத் திரும்பி வருகிறார்கள். குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம். அதுவும் டாக்டர் உள்ளே பார்த்துத் தையல் ஆறிவிட்டது என்று சொன்ன பிறகு. அதற்கு முன்னால் உள்தையல் பிரிந்துபோகலாம், அது பெரிய ஆபத்து. அதன்பிறகு பெரும்பாலானவர்களுக்கு உறவில் எந்தக் குறையும் வராது. வறட்சி இருந்தால் அதற்கென்று ஜெல் இருக்கிறது.

*

கேள்வி: லேப்ராஸ்கோபியில்தான் செய்தார்கள். வயிற்றைவிடத் தோள்பட்டை வலிக்கிறதே?
— வாசகி, குறிஞ்சி நகர்

பதில்: வயிற்றை ஊதவைக்க விட்ட கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் மிச்சமிருந்து உதரவிதானத்தை உறுத்துகிறது. அந்த இடத்து நரம்பும் தோள்பட்டை நரம்பும் ஒரே வேரிலிருந்து வருபவை. எழுந்து நடங்கள், இரண்டு மூன்று நாளில் போய்விடும். நெஞ்சு இறுக்கமும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் மட்டும் உடனே ஓடுங்கள்.

*

கேள்வி: முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி என்கிறார்களே? முழு மயக்கமே கொடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?
— வாசகி, வைத்திக்குப்பம்

பதில்: ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும். ஆயுசுக்கும் வலிக்கிற முதுகுக்குக் காரணம் வேறு: பலவீனமான வயிற்றுத் தசை, குனிந்து தூக்குகிற பாரம், கால்சியமும் வைட்டமின் டி-யும் குறைந்த எலும்பு. எந்த மயக்கம் என்பதை உங்கள் இதயம், நுரையீரல், ஆபரேஷனின் நீளம் இவற்றைப் பார்த்து முடிவு செய்வார்கள், அதை அவர்களிடம் விடுங்கள். முதுகில் ஊசி போட்ட சில நாளில், உட்கார்ந்தால் பிளக்கிற தலைவலி, படுத்தால் குறைகிறது என்றால் மயக்க மருந்து டாக்டரிடமே திரும்பிப் போங்கள். அதற்குத் தனி சிகிச்சை உண்டு.

*

கேள்வி: 38 வயது, மூன்று பிள்ளைகள், குடும்பக்கட்டுப்பாடு ஆகிவிட்டது. வெள்ளைப்படுகிறது, இடுப்பு வலிக்கிறது. ஒரு மருத்துவமனையில் பார்த்துவிட்டு, கர்ப்பப்பை வாயில் புண், விட்டால் கேன்சராகும், எடுத்துவிடலாம் என்கிறார்கள். பிள்ளை பெற்றாயிற்று, இனி அது எதற்கு என்கிறார் மாமியார். எடுத்துவிடட்டுமா?
— வாசகி, அரியாங்குப்பம்

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. வெள்ளைப்படுதலுக்குப் பெரும்பாலும் ஒரு மாத்திரைக் கோர்ஸ் போதும். ‘வாயில் புண்’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் கர்ப்பப்பை வாயின் உள்தோல் சற்று வெளியே தெரிவது, பல பெண்களுக்கு அது இயல்பு. கேன்சர் பயமென்றால் பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. பரிசோதனை செய்ய வேண்டும், 30 வயதுக்கு மேல் எல்லாப் பெண்களும் செய்துகொள்ள வேண்டியது அது. பரிசோதனையே இல்லாமல் கேன்சர் என்ற சொல்லைச் சொல்லிக் கையெழுத்து வாங்கக் கூடாது.

இது உங்கள் ஒருவர் கதையல்ல. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப்போகும் பெண்கள் ஏராளமானோர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை இழந்தது 2019-ல் நாடே பேசிய செய்தி. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த தேவையற்ற ஆபரேஷன்களைப் பற்றி டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில், இவற்றைக் கண்காணிக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தென்னிந்தியாவில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்களின் கணக்கில் ஆந்திரமும் தெலங்கானாவும்தான் முன்னால் நிற்கின்றன.

சினைப்பையை விட்டுவைத்தாலும் கர்ப்பப்பை போன பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கிற வயதில் வருகிற மாற்றங்கள் சற்று முன்னதாகவே வரலாம். இரண்டையும் சேர்த்து 38-ல் எடுத்தால் எலும்பும் இதயமும் பலவீனப்படும். மாமியாரிடம் சொல்லுங்கள், அது பிள்ளை பெற மட்டும் இருக்கிற உறுப்பல்ல. உங்கள் ஸ்கேனையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு கோரிமேடு ஜிப்மரிலோ எல்லைப்பிள்ளைச்சாவடியிலோ மகளிர் பிரிவில் காட்டுங்கள். அங்கேயும் எடுக்கத்தான் வேண்டும் என்றால் காரணத்தையும், சினைப்பையை விட்டுவைப்பார்களா என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: 67 வயது. அடி இறங்கிவிட்டது. ஆபரேஷன் சொல்கிறார்கள். மகன் பிரான்ஸில், நான் கருவடிக்குப்பத்தில் தனியாக இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் யார் உடனிருப்பார்கள் என்பதே கவலை. தினமும் சித்தானந்தர் கோயிலுக்கு நடப்பேன், அதுவும் நின்றுவிடுமோ?
— வாசகி, கருவடிக்குப்பம்

பதில்: நிற்காது அம்மா. முதல் வாரம் வீட்டுக்குள்ளே, அடுத்த வாரம் தெருமுனை வரை என்று கூட்டிக்கொண்டே போனால் ஒரு மாதத்தில் கோயில் வாசலில் நிற்பீர்கள். அங்கப்பிரதட்சணமும், தரையில் உட்கார்ந்து எழுவதும் ஆறு வாரம் கழித்து.

மகன் லீவு எடுத்து வருவதானால் ஆபரேஷன் நாளுக்கு வர வேண்டாம் என்று சொல்லுங்கள். வார்டில் சிஸ்டர்கள் இருக்கிறார்கள், பெண்கள் வார்டில் அவரை ராத்திரி தங்கவும் விடமாட்டார்கள். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வருகிற நாளுக்கு வரட்டும், அப்போதுதான் ஆள் தேவை. வார்டுக்குத் தெரிந்த பெண் ஒருவரிடம் நாளுக்கு இவ்வளவு என்று பேசி, முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கழிப்பறை இந்தியன் டைப் என்றால் மேலே வைக்கிற கமோடு நாற்காலி ஒன்று இப்போதே வாங்கி வையுங்கள். உங்கள் ஆபரேஷனுக்கு எதிரிகள் மலச்சிக்கலும் விடாத இருமலும்தான். இரண்டுக்கும் இப்போதே மருந்து கேளுங்கள். ஆபரேஷனே வேண்டாம் என்றிருந்தால், உள்ளே வைத்துக்கொள்கிற வளையம் ஒன்று இருக்கிறது. அது உங்களுக்கு ஒத்துவருமா என்று கேட்பதில் தப்பே இல்லை.

*

கேள்வி: ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள். பழுப்பாகப் பட்டுக்கொண்டிருந்தது திடீரென்று சிவப்பாக ஒரு நாள் போனது. பிறகு குறைந்துவிட்டது. பயப்பட வேண்டுமா?
— வாசகி, பாக்கமுடையான்பட்டு

பதில்: குறைந்துவிட்டது என்றால் பயப்பட வேண்டாம். உள்தையல் கரைகிற நேரம் அது. ஆறு வாரம் வரை லேசாகப் படலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைவது, கெட்ட வாடை, 100.4-க்கு மேல் காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல், வயிறு உப்பி நிற்காத வாந்தி, தன்னையறியாமல் சிறுநீர் கசிந்துகொண்டே இருப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்காதீர்கள், ராத்திரி ஆனாலும் போங்கள்.

*

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கெட்டதாக இருந்தால் கூப்பிட்டிருப்பார்கள், நல்லதாகத்தான் இருக்கும் இல்லையா?
— வாசகி, வில்லியனூர்

பதில்: பெரும்பாலும் நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தாளைக் கையில் வாங்காதவரை அதைச் சொல்ல முடியாது. போன் நம்பர் மாறியிருக்கும், சீட்டில் ஒரு எண் தப்பாக ஏறியிருக்கும், கூப்பிட்டும் கிடைக்காமல் போயிருக்கும். கட்டி என்று நினைத்து எடுத்ததில் எப்போதாவது வேறொன்று தெரியவரும். அப்போது அடுத்த சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கியாக வேண்டும், மூன்று மாதம் என்பது சிறிய இடைவெளியல்ல. நாளையே டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு போய், பதிவு எண்ணைக் காட்டி, பயாப்ஸி ரிசல்ட்டை எழுத்தில் வாங்குங்கள். கர்ப்பப்பை வாயை விட்டுவைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். விட்டுவைத்திருந்தால் பாப் ஸ்மியர் பரிசோதனை இனியும் தொடர வேண்டும். வாங்கியதும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.